கேளுங்க, சொல்றேன்: சர்வேல யாரைக் கேக்கறாங்க, யாரை விடறாங்க?

இந்த மாசம் வந்த கடிதத்துலயும் ஈமெயில்லயும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு, சர்வே. எத்தன பேரைக் கேட்டாங்க, என்னை ஏன் கேக்கல, என் வீட்டுக்கே ஏன் வந்தாங்க. அதனால மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதறேன். பல வருஷம் சிங்கப்பூர்ல இந்த சர்வே வேலைதான் எனக்குச் சோறு போட்டுச்சு, அதனால சில பதில் நீளமாவே போகும், பொறுத்துப் படிங்க.

அக்கா, நான் பாலிடெக்னிக் மூணாவது வருஷம். தமிழ்க் குடும்பங்கள்ல பிள்ளைங்ககிட்ட எந்த மொழில பேசறாங்கன்னு ப்ராஜெக்ட்டுக்கு சர்வே எடுத்தோம். ஸ்ட்ராட்டிஃபைட் சாம்ப்ளிங்னு எழுதினேன், லெக்சரர் அதை அடிச்சுட்டு கோட்டா சாம்ப்ளிங்னு எழுதிட்டாரு. ரெண்டுலயும் வயசு, ஆண் பெண், வீட்டு வகைன்னு பிரிச்சுதானே ஆள் எடுக்கறோம், என்ன வித்தியாசம்?
– ஜூரோங் வெஸ்ட் மாணவர்

தம்பி, உங்க லெக்சரர் எழுதினது சரி. குரூப் பிரிக்கற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான், அந்தக் குரூப்புக்குள்ள யாரைக் கேக்கணும்னு யார் முடிவு பண்றாங்கங்கறதுலதான் பிரியுது. ஸ்ட்ராட்டிஃபைட்னா முதல்ல கைல பட்டியல் இருக்கணும், நாலு ரூம் வீட்டுக்காரங்க ஒரு பட்டியல், அஞ்சு ரூம் ஒரு பட்டியல், கொண்டோன்னு சொல்ற தனியார் அடுக்குமாடி ஒரு பட்டியல்னு வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுலேர்ந்தும் கம்ப்யூட்டர் ராண்டமா, குலுக்கல் மாதிரி, நம்பர் எடுக்கும், எந்த வீடு வந்துச்சோ அங்கதான் போகணும், ஆள் இல்லன்னா இன்னொரு நாள் திரும்பப் போகணும். கோட்டால பட்டியலே கிடையாது. "35லேர்ந்து 50 வயசு அம்மாக்கள், நாலு ரூம் வீடு, 20 பேர்"னு எண்ணிக்கை மட்டும் இருக்கும், எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்ல நின்னு நிரப்பிடுவீங்க.

அங்க நின்னா யாரை நிறுத்துவீங்க? அவசரமா ஓடாதவங்களை, முகத்துல கொஞ்சம் சிரிப்பு இருக்கறவங்களை, தமிழ்ல பேசிக்கிட்டே வர்றவங்களை. உங்க கேள்வியே வீட்டுல எந்த மொழிங்கறதுதான், காதுல தமிழ் விழுந்தவங்களா பாத்து நிறுத்தினா பதில் எந்தப் பக்கம் சாயும்னு நீங்களே யோசிங்க. பிள்ளைகிட்ட இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டுப் போற தமிழ் அம்மா உங்க பக்கத்துலயே நடந்து போயிருப்பாங்க, அவங்களைத் தமிழ்னு நெனச்சிருக்கவே மாட்டீங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பழைய கதை ஒண்ணு உண்டு. இத்தாலில 1921 சென்சஸ் தாள்களை வச்சிருக்க இடம் போதாம, மொத்தத்தையும் கழிச்சுட்டு ஒரு பகுதிய மட்டும் மாதிரியா வச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. வருமான ஏற்றத்தாழ்வ அளக்க ஜினி எண்ணுன்னு ஒண்ணு சொல்றோம்ல, அந்த கொராடோ ஜினியும் லூய்ஜி கல்வானியும் சேந்து 214 மாவட்டத்துல 29ஐ ரொம்பக் கவனமா பொறுக்கினாங்க, 7 விஷயத்துல இந்த 29ஓட சராசரி நாட்டோட சராசரிக்கு ஒத்துப் போற மாதிரி. அந்த ஏழும் ஒத்துப் போச்சு. ஆனா அதைத் தாண்டி வேற விஷயத்தை எடுத்துப் பாத்தா ஒட்டல, பொறுக்கினது ரெண்டு பெரிய நிபுணர்கள், அப்படியும் ஒட்டல. 1934ல யெர்சி நெய்மன்னு ஒரு புள்ளியியல் நிபுணர் லண்டன்ல ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டில வாசிச்ச கட்டுரைல இதையும் ஸ்ட்ராட்டிஃபைட் முறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாரு. கையால பொறுக்கினா எவ்வளவு விலகியிருக்கோம்னு கணக்குப் போடவே வழியில்ல, ராண்டமா எடுத்தா அந்த விலகலோட அளவையே ஒரு எண்ணாச் சொல்லிடலாம். இன்னிக்கு உலகம் முழுக்க அரசாங்க சர்வே பெரும்பாலும் ராண்டமா எடுக்கறதுக்குப் பின்னால அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்க கோட்டாவும் அந்த 29 மாவட்டம் மாதிரிதான். வயசு ஒத்துப் போகும், ஆண் பெண் ஒத்துப் போகும், வீட்டு வகை ஒத்துப் போகும், நீங்க உண்மையா தெரிஞ்சுக்க நெனச்ச மொழி விஷயம் ஒத்துப் போகுதான்னு மட்டும் யாராலயும் சொல்ல முடியாது. அமெரிக்கால 1948 அதிபர் தேர்தல்ல கேலப், ரோப்பர், கிராஸ்லின்னு 3 பெரிய கருத்துக் கணிப்பு ஆளுங்களும் கோட்டாவ நம்பி டூயி ஜெயிப்பாருன்னாங்க, ஜெயிச்சது ட்ரூமன். கோட்டா மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், தேர்தலுக்கு முன்னாடியே கேக்கறத நிறுத்தினதும் ஒரு காரணம். ஆனா ஒவ்வொரு குரூப்லயும் கேக்க வசதியான ஆளையே பேட்டி எடுக்கறவங்க தேடிப் போனாங்கங்கறது அப்ப நடந்த விசாரணைல பெரிசா பேசப்பட்டுச்சு.

இப்ப என்ன பண்றதுன்னா, ரிப்போர்ட்ல கோட்டான்னே எழுதிடுங்க, அதுல ஒரு கேவலமும் இல்ல, மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு யாரும் பெயர்ப் பட்டியலைத் தூக்கிக் குடுக்க மாட்டாங்க. ஆனா "தப்பு ±5 சதவீதம்"னு போட்டிருந்தா எடுத்துடுங்க, அந்தக் கணக்கு ராண்டமா எடுத்ததுக்கு மட்டும்தான் பொருந்தும். இன்னும் டைம் இருந்தா கோட்டாவுல ஒரு வரி சேருங்க: அப்பா அம்மா இங்கயே பொறந்து படிச்சவங்களா, இல்ல தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவங்களா. வீட்டு மொழி அந்த இடத்துலதான் ரொம்ப மாறும், வீட்டுல எத்தன ரூம்ங்கறத விட அது உங்களுக்கு முக்கியம்.

போன மாசம் சர்வேன்னு ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. நான் வேலைக்குக் கிளம்பற அவசரத்துல இருந்தேன், பக்கத்து வீட்டு அங்கிள் ரிடையர் ஆகி வீட்டுலதான் இருக்காரு அவரைக் கேளும்மான்னேன். உங்க வீடுதான் வேணும் ஆன்ட்டின்னு திரும்பத் திரும்ப வந்துச்சு. கடைசில உள்ள விட்டா, வீட்டுல பெரியவங்கள்ல யாருக்கு அடுத்து பொறந்தநாள் வருதுன்னு கேட்டுட்டு என் மாமியாரை உக்கார வச்சுக் கேள்வி கேட்டுச்சு. என்ன கணக்கு இது?
– ஈசூன் வாசகி

அந்தப் பொண்ணு தன் வேலைய ரொம்ப ஒழுங்கா பண்ணியிருக்கும்மா, வெயில்லயும் மழையிலயும் அப்படித் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணியாவது குடுங்க. பக்கத்து வீட்டு அங்கிள் எப்பவும் வீட்டுல இருக்காருங்கறதுதான் அவரை உங்களுக்குப் பதிலா எடுக்கக் கூடாதுங்கறதுக்குக் காரணமே. நீங்க வேலைக்குப் போறவங்க, நேரமில்லாதவங்க, உங்களை மாதிரி ஆளுங்க எல்லாரும் நழுவி அந்த இடத்துல ரிடையர் ஆனவங்க வந்து உக்காந்தா, காலைல எம்ஆர்டி கூட்டம் பத்தின சர்வேல கூட்டமே இல்லன்னு பதில் வரும். வீடு ஒருதடவ ராண்டமா விழுந்துடுச்சுன்னா அதை மாத்தக் கூடாது, அதான் விதி.

பொறந்தநாள் விஷயமும் அதேதான். வீட்டுக்குள்ள கதவத் திறக்கறவங்களையே கேட்டா எப்பவும் வீட்டுல இருக்கறவங்க குரல்தான் பதிவாகும். லெஸ்லி கிஷ்னு ஒருத்தர் 1949ல இதுக்கு ஒரு அட்டவணை போட்டாரு, வீட்டுல உள்ள பெரியவங்களை எல்லாம் வரிசையா எழுதி அட்டவணை காட்டற ஆளை எடுக்கணும். அது துல்லியம், ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு முழுப் பட்டியல் கேட்டா பல பேரு கதவச் சாத்திடுவாங்க, அதனால அடுத்த பொறந்தநாள் முறைய நெறைய பேர் வச்சுக்கறாங்க. பொறந்த தேதிக்கும் நம்ம கருத்துக்கும் சம்பந்தம் இல்லங்கறதால கிட்டத்தட்ட ராண்டம் மாதிரி வேலை செய்யும். இன்னொண்ணு, 5 பெரியவங்க இருக்கற வீட்டுல உங்க மாமியாருக்குக் கெடச்ச வாய்ப்பு அஞ்சுல ஒண்ணு, தனியா இருக்கறவருக்கு முழு வாய்ப்பு, அதனால கணக்குப் போடும்போது உங்க மாமியாரோட பதிலுக்கு 5 மடங்கு எடை குடுப்பாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். வந்தவங்ககிட்ட அடையாள அட்டையும் கடிதமும் கேட்டு வாங்கிப் பாருங்க, கடிதத்துல இருக்கற ஆபீஸ் நம்பரை நீங்களே வெப்சைட்ல தேடிச் சரிபாத்துக்கிட்டு போன் போடுங்க. பேங்க் கணக்கு நம்பர், அரசாங்க இணையச் சேவைக்கான சிங்பாஸ் பாஸ்வேர்டு, ஓடிபி இதுல எதக் கேட்டாலும் அது சர்வே இல்ல.

4 மில்லியன் பேர் இருக்கற ஊருல 1,000 பேரைக் கேட்டுட்டு "சிங்கப்பூரர்கள் நினைக்கிறார்கள்"னு போடறாங்களே, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னாலும் இது ரொம்பக் கம்மி இல்லயா?
– கிளமெண்டி வாசகர்

இல்லங்க, 1,000 போதும். ஊரு எவ்வளவு பெரிசுங்கறது இந்தக் கணக்குல கிட்டத்தட்ட வர்றதே இல்ல, நீங்க சொன்ன பானைதான், வீட்டுப் பானையா இருந்தாலும் கல்யாண வீட்டு அண்டாவா இருந்தாலும் பதம் பாக்க அதே அளவுதான், நல்லா கிளறியிருந்தா. ராண்டமா 400 பேர் எடுத்தா ±5 சதவீதப் புள்ளி, 1,000 பேர் எடுத்தா ±3, இது 4 மில்லியனுக்கும் அதேதான் 400 மில்லியனுக்கும் அதேதான். தப்பப் பாதியாக் குறைக்கணும்னா நாலு மடங்கு ஆள் வேணும், அதனாலதான் பெரும்பாலான சர்வே ஆயிரத்தை ஒட்டியே நின்னுடுது.

ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, நம்ம ஆளுங்க கேக்க வேண்டியதே அதுதான். 2020 சென்சஸ் படி குடியிருப்பாளர்கள்ல இந்தியர் 9 சதவீதம். அப்ப அந்த 1,000 பேர்ல சுமாரா 90 பேர்தான் இந்தியர், 90 பேருக்குத் தப்பு ±10. "இந்தியர்கள்ல 55 சதவீதம் ஆதரவு"ன்னு செய்தி வந்தா உண்மை 45ஆவும் இருக்கலாம் 65ஆவும் இருக்கலாம், அதாவது ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். தமிழ்னு இறங்கினா இன்னும் மோசம். 5 வயசும் அதுக்கு மேலயும் உள்ள குடியிருப்பாளர்கள்ல வீட்டுல அதிகமா தமிழ் பேசறவங்க அதே 2020ல 2.5 சதவீதம். 1,000 பேர்ல 25 பேர். அந்த 25 பேரை வச்சு தமிழ்க் குடும்பங்கள் இப்படி நெனைக்குதுன்னு எழுதினா அத நான் ஏத்துக்க மாட்டேன், நீங்களும் ஏத்துக்காதீங்க.

இதுக்குத் தீர்வு இல்லாம இல்ல. சின்ன சமூகத்தை வேணும்னே அதிகமா எடுக்கறது, ஓவர்சாம்ப்ளிங்னு சொல்லுவாங்க. 1,000ல 300 பேர் இந்தியர்னு வச்சுக்கிட்டா இந்தியர் பத்தி ±6க்குள்ள பேசலாம். மொத்த நாட்டுக்கும் சேத்துச் சொல்லும்போது 30 சதவீதமா நிக்கறவங்களை 9 சதவீதமா சுருக்கணும், அதனால ஒவ்வொரு இந்தியர் பதிலுக்கும் 0.3 எடை, மத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் 1.3 எடை. யாரையும் கொறைக்கறதும் இல்ல ஏத்தறதும் இல்ல, ரெண்டு கேள்விக்கும் பதில் கெடைக்குது. செலவு கூடும், அவ்வளவுதான். அடுத்த தடவ சமூகம் வாரியா பிரிச்சுப் போட்ட ஒரு முடிவப் படிச்சீங்கன்னா முதல்ல இந்தியர் எத்தன பேரைக் கேட்டாங்கன்னு தேடுங்க, அந்த எண் போடலன்னா அந்த வரிய விட்டுட்டு மேல படிங்க.

இன்னொண்ணும் கவனிங்க, "குடியிருப்பாளர்"னா குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். 2020ல மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன், அதுல குடியிருப்பாளர் 4.04 மில்லியன். மீதி 1.6 மில்லியனுக்கும் மேல இருக்கறவங்கள்ல வொர்க் பர்மிட்ல வந்த நம்ம தமிழ்நாட்டுத் தம்பிங்க எவ்வளவோ பேர், அவங்க அந்த 2.5க்குள்ளயே இல்ல.

சென்சஸ்னா எல்லாரையும் எண்ணணும்தானே, என் வீட்டுக்கு யாருமே வரலியே?
– செங்காங் வாசகர்

பயப்படாதீங்க, எண்ணிட்டாங்க. 2000லேர்ந்து இங்க தலை எண்ணிக்கைய அரசாங்கப் பதிவேடுகள்லேர்ந்தே எடுக்கறாங்க. வீட்டுல என்ன மொழி, வேலைக்கு எதுல போறீங்க மாதிரி பதிவேட்டுல இல்லாத கேள்விக்கு மட்டும் சாம்ப்ளிங், 2020ல சுமாரா 150,000 குடும்பங்கள்.

தேர்தல் ராத்திரி முழு எண்ணிக்கை முடியறதுக்கு முன்னாடியே மாதிரி எண்ணிக்கைன்னு டிவில சொல்லிடறாங்க, அது எப்பவும் கிட்டத்தட்ட சரியா வருது. ஒவ்வொரு இடத்துலயும் 100 சீட்டு மட்டும்தான் எடுக்கறாங்களாமே, எப்படி?
– தெம்பனிஸ் வாசகர்

நம்ம ஊருல பொதுமக்கள் கண்ணு முன்னாடியே நடக்கற மிக அழகான ஸ்ட்ராட்டிஃபைட் சாம்ப்ளிங் இதுதான். ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தோட சீட்டுலேர்ந்தும் ராண்டமா 100 எடுத்து எண்ணுவாங்க, அப்பறம் அந்த நிலையத்துல மொத்தம் எத்தன வாக்கு விழுந்துச்சோ அதுக்கேத்த எடை போட்டுச் சேப்பாங்க. எந்த நிலையமும் விட்டுப் போறதில்ல, அதுதான் இதோட பலம். கருத்துக் கணிப்புல இருக்கற பெரிய தலைவலி எதுவும் இதுல கெடையாது, பதில் சொல்ல மாட்டேன்னு எந்த வாக்குச் சீட்டும் கதவச் சாத்தாது, கேக்கறவங்க மனசு கோணாம இருக்கணும்னு மாத்திச் சொல்லாது, பட்டியல்ல இல்லாத சீட்டும் கெடையாது. மிச்சம் இருக்கறது சாம்ப்ளிங் தப்பு மட்டும், அது கணக்குல அடங்கற தப்பு.

2015 பொதுத் தேர்தல்லேர்ந்து தேர்தல் துறை இத வெளியிடறாங்க, 95 சதவீத நம்பிக்கைல, அதாவது இப்படி 100 தடவ எடுத்தா சுமாரா 95 தடவ, ±4 புள்ளிக்குள்ள இருக்கும்னு சொல்லுவாங்க. 600 சீட்டு எடுத்தா ±4 வரும், அதனால நிலையங்கள் கம்மியா இருக்கற சின்னத் தொகுதிக்கு அந்த ±4 பொருத்தமான எச்சரிக்கை. அதிபர் தேர்தல்ல நாடே ஒரு தொகுதி, ஆயிரத்துக்கும் மேல நிலையம், ஒரு லட்சத்துக்கும் மேல சீட்டு, அப்ப தப்பு ஒரு புள்ளில பாதி கூட வராது. 2023ல திரு தர்மனுக்கு மாதிரி எண்ணிக்கை 70 சதவீதம்னு காட்டுச்சு, முழுசா எண்ணினப்ப 70.4.

அதுக்காக எல்லாத் தேர்தலையும் இது தீர்த்து வச்சுடாது. 2011 அதிபர் தேர்தல்ல முதல் ரெண்டு பேர் வாங்கினது 35.20, 34.85. வித்தியாசம் 0.35 புள்ளி. அப்ப மாதிரி எண்ணிக்கைய வெளியிடற வழக்கம் இல்ல, இருந்திருந்தாலும் ஒரு லட்சம் சீட்ட வச்சு அந்த ரெண்டு பேர்ல யார் முன்னால்னு அடிச்சுச் சொல்லியிருக்க முடியாது, அந்த வித்தியாசத்துக்கு மட்டுமே தப்பு அரைப் புள்ளிக்கு மேல வரும்.

எங்க சங்கத்துல இளையர்களுக்கு என்ன நிகழ்ச்சி வேணும்னு தெரிஞ்சுக்க ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியால 600 பேர்கிட்ட படிவம் வாங்கினோம், வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பி இன்னும் 900 வந்துச்சு. 1,500 இருக்குன்னா ±3க்குள்ள வந்துடும்ல?
– சங்கப் பொறுப்பாளர், சிராங்கூன்

ஐயா, உங்க உழைப்புக்கு மரியாதை, ஆனா ±3 போடாதீங்க. எண்ணிக்கை கூடினா சாம்ப்ளிங் தப்புதான் குறையும், ஆள் எடுத்த விதத்துல இருக்கற கோணல் குறையாது, எண்ணிக்கை பெரிசாக பெரிசாக அந்தக் கோணல நாம இன்னும் உறுதியா நம்ப ஆரம்பிச்சுடுவோம். 1936ல அமெரிக்கால லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை சுமாரா 10 மில்லியன் அட்டை அனுப்புச்சு, 2 மில்லியனுக்கும் மேல பதில் வந்துச்சு, லாண்டன் ஜெயிப்பாருன்னு போட்டாங்க. ரூஸ்வெல்ட் சுமாரா 61 சதவீதம் வாங்கி ஜெயிச்சாரு. முகவரி எடுத்தது டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் மாதிரி இடத்துலேர்ந்து, பொருளாதார மந்த காலத்துல அது வசதியானவங்க பட்டியல், போதாக்குறைக்கு நாலுல ஒருத்தர் கூட முழுசா பதில் அனுப்பல, அனுப்பினவங்க அனுப்பாதவங்க மாதிரி இல்ல. அதே தேர்தல்ல கேலப் அதுல ஒரு சின்னப் பங்கு ஆளுங்கள வச்சு ஜெயிக்கறவர சரியா சொன்னாரு. அவரும் கோட்டாதான், 1948ல அதே கோட்டா அவர கைவிட்டுச்சு, அதனால ஒரு தடவ சரியா வந்தத வச்சு ஒரு முறைய நம்பிடவும் கூடாது.

உங்க சர்வேக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா தேக்கால நிக்கறவங்கள்ல பெரும்பாலும் லீவுல வெளிய வந்த வெளிநாட்டு ஊழியர்கள். அவங்க கருத்து கட்டாயம் வேணும், ஆனா நீங்க கேட்டது இங்க பள்ளிக்கூடம் போற இளையர் பத்தி. வாட்ஸ்அப் லிங்க் யார் கைக்குப் போச்சு? சங்கத்து உறுப்பினர், அவங்க சொந்தக்காரங்க, ஏற்கெனவே நிகழ்ச்சிக்கு வர்றவங்க. வராத பிள்ளைங்க ஏன் வரலங்கறதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்தப் பிள்ளைங்க இந்த 1,500ல ஒருத்தர் கூட இல்லாம இருக்கலாம்.

நான் உங்க இடத்துல இருந்தா அந்த 1,500ஐ யோசனைப் பெட்டி மாதிரி வச்சுப்பேன், புது யோசனை எடுக்க அது நல்லது, சதவீதம் போட மட்டும் எடுக்க மாட்டேன். அப்பறம் உங்ககிட்ட ஒரு நல்ல பட்டியல் இருக்கு, பல வருஷமா சங்கத்துல பதிஞ்சு பாதில நின்னு போன குடும்பங்க. அந்த நம்பர அவங்க குடுத்தது குடும்பத்துக்குத் தகவல் அனுப்பத்தான், அதனால இந்த சர்வேக்குப் பயன்படுத்தலாமான்னு முதல்ல அவங்க சம்மதத்தக் கேளுங்க. அதுலேர்ந்து ராண்டமா 150 எடுத்து, ஒவ்வொருத்தரையும் விடாம கூப்பிட்டு, 100 பேராவது பேசற வரைக்கும் விடாதீங்க. அந்த 100 பேர் சொல்றது உங்க படிவம் எல்லாத்தையும் விட அதிகமாச் சொல்லும். ஊருல உள்ள எல்லா இளையர் பத்தியும் சொல்லாது, ஆனா விட்டுப் போனவங்க பத்தி உண்மையச் சொல்லும்.

எங்க பேட்டைல 40 புளோக். முதியவர்களோட உடல்நலம் பத்தி தொண்டூழியர்களா ஒரு சர்வே எடுக்கறோம். 5 புளோக்க மட்டும் எடுத்து எல்லா வீட்டையும் தட்டலாமா, இல்ல 40 புளோக்லயும் கொஞ்சம் கொஞ்சமா போகலாமா? எட்டாவது எட்டாவது வீடா போகலாம்னு ஒருத்தர் சொல்றாரு.
– தோ பாயோ வாசகி

எட்டாவது வீடு யோசனைய முதல்ல பாத்துடலாம். வரிசையா எண்ணி எடுக்கறது சிஸ்டமேட்டிக் சாம்ப்ளிங், தொடக்கத்த ராண்டமா எடுத்தா நல்ல முறைதான். ஆனா உங்க புளோக்ல ஒரு மாடிக்கு 8 வீடுன்னா, மூலை வீட்டுல ஆரம்பிச்சா ஒவ்வொரு மாடிலயும் மூலை வீடுதான் வரும், சில புளோக்ல மூலை வீடு பெரிய வீடு, உள்ள இருக்கறவங்க வசதியும் வேற. வீட்டு எண்ணிக்கையோட பொருந்தாத ஒரு எண்ணா எடுங்க, 7 இல்லன்னா 9, பிரச்சினை தீந்துச்சு.

5 புளோக்கா 40 புளோக்காங்கறது பெரிய கேள்வி. 5 புளோக்ல எல்லாரையும் எடுக்கறது கிளஸ்டர் சாம்ப்ளிங், நடை மிச்சம், லிஃப்ட்ல ஏறி இறங்கறது மிச்சம், ஆனா ஒரே புளோக்ல இருக்கறவங்க ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இருந்தா பத்தாவது வீடு புதுசா ஒண்ணும் சொல்லாது. எவ்வளவு ஒத்திருக்காங்கங்கறதுக்கு ஒரு எண் உண்டு. அது 0.05னு வச்சுக்கோங்க, ரொம்பச் சின்னதாத்தான் தெரியும், ஒரு புளோக்குக்கு 20 பேர்னா 19 தடவ 0.05, அதோட 1 கூட்டினா 1.95. உதாரணத்துக்கு ஒரு பெரிய சர்வேல 1,000 பேட்டின்னா, அத 1.95ஆல வகுங்க, 513. ராண்டமா எடுத்த 513 பேருக்குச் சமமான தகவல்தான் கைல இருக்கு, பாதி உழைப்பு போச்சு. ஒரு புளோக்குக்கு 5 பேர்னா 1.2 தான், 1,000 பேட்டி 830க்கு மேல நிக்கும்.

சிங்கப்பூர்ல இது ஒரு தனி விதமா நடக்குது, இங்க வேலை செஞ்சவங்களுக்கு மட்டும் புரியற சங்கதி. 1989லேர்ந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கறதால அரசாங்க வீவக அடுக்குமாடி புளோக் ஒவ்வொண்ணுலயும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்துதான் இருப்பாங்க. அதனால இனம் சார்ந்த கேள்விக்கு, என்ன சாப்பிடறீங்க என்ன பண்டிகை மாதிரி கேள்விக்கு, ஒரு புளோக்க முழுசா எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்ல. ஆனா வீட்டு வகை அப்படி இல்ல, வாடகை வீடு பெரும்பாலும் ஒரே புளோக்ல சேந்து இருக்கும், அஞ்சு ரூமும் பல இடத்துல ஒரே புளோக்ல சேந்து இருக்கும், கட்டின வருஷமும் ஒண்ணு. வருமானம், வயசு, தனியா இருக்கறதா, சர்க்கரை, மூட்டு வலி இதெல்லாம் அதோட ஒட்டி வரும். உங்க சர்வே முதியவர் உடல்நலம், சரியா இந்தப் பக்கம் மாட்டுது.

அதனால இப்படிப் பண்ணுங்க: 40 புளோக்கையும் வாடகை, மூணு ரூம், நாலு ரூம், அஞ்சு ரூம்னு பிரிச்சுடுங்க. ஒவ்வொரு பிரிவுலேர்ந்தும் புளோக் ராண்டமா எடுங்க, மொத்தம் 16 புளோக் மாதிரி, வாடகை புளோக் கம்மியா இருந்தா எல்லாத்தையும் எடுத்துக்கோங்க, அங்கதான் தனியா இருக்கற முதியவங்க அதிகமா இருக்க வாய்ப்பு. அப்பறம் ஒவ்வொரு புளோக்லயும் கொஞ்ச வீடு, ராண்டமா தொடங்கி. முதல்ல பிரிக்கறது ஸ்ட்ராட்டிஃபைட், அடுத்து புளோக் எடுக்கறது கிளஸ்டர், கடைசில வீடு எடுக்கறது சிஸ்டமேட்டிக், மூணும் சண்டை போடற முறைங்க இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். எந்த வாசல்லயும் முதியவர் கதவு திறக்கறதுக்கு நேரமாகும், தட்டிட்டு உடனே அடுத்த வீட்டுக்குப் போயிடாதீங்கன்னு தொண்டூழியர்கள்கிட்ட சொல்லி வைங்க. நடக்க முடியாம மெதுவா வர்றவங்க விட்டுப் போனா உங்க உடல்நல சர்வேல நல்லா இருக்கறவங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க.

உத்திரமேரூர் குடவோலைய உலகத்தோட முதல் ராண்டம் சாம்ப்ளிங்னு சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புக்கிட் பாத்தோக்

முதல்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் ஐயா, கிரேக்கத்துல ஏதென்ஸ்லயும் அதுக்கு ரொம்ப முன்னாடியே சீட்டுப் போட்டு ஆள் எடுத்திருக்காங்க. ஆனா கல்வெட்ட ஒரு சர்வேக்காரி கண்ணால படிச்சா மலைப்பா இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது. ஊர 30 குடும்பு, அதாவது 30 பகுதியா பிரிச்சு ஒவ்வொரு குடும்புக்கும் ஒருத்தர்னு எடுத்திருக்காங்க, அதாவது வெறும் குலுக்கல் இல்ல, ஸ்ட்ராட்டிஃபைட் குலுக்கல், எந்தப் பகுதியும் விட்டுப் போகாது. ஓலைய எழுதிக் குடத்துல போட்டு, நல்லா குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன எடுக்கச் சொன்னாங்க. எடுக்கறவனுக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

குலுக்கறது சாதாரண விஷயமில்ல. 1969 டிசம்பர்ல அமெரிக்கா ராணுவத்துக்கு ஆள் எடுக்க 366 பொறந்த தேதிகளக் குப்பில போட்டுக் குலுக்கினாங்க, சரியா கலக்கல, நவம்பர் டிசம்பர்ல பொறந்த பசங்க முன்னாடியே அதிகமா வந்துட்டாங்க, வியட்நாம் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம்.

ஆனா குடத்துக்குள்ள யார் பேரு போச்சுன்னும் பாக்கணும். கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம், சொந்த மனைல வீடு, 35லேர்ந்து 70 வயசு, வேதப் படிப்பு. நிலமில்லாத உழவர் பேரு குடத்துக்குள்ள போகவே இல்ல, பொண்ணுங்க பேரும் போகல. அது பிராமணர்களுக்குக் குடுத்த பிரம்மதேய ஊரு சபைக்கு ஆள் எடுத்த முறை, ஊரோட கருத்தக் கேக்க இல்லங்கறது வேற விஷயம். குலுக்கல் எவ்வளவு நேர்மையா இருந்தாலும் பட்டியல்ல இல்லாதவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

வீட்டு வேலைக்கு வந்திருக்கற பெண்களோட ஓய்வுநாள் பத்தி ஆராய்ச்சி பண்றேன். அவங்க பட்டியல் எனக்குக் கெடைக்காது. ஒருத்தர் மூலமா இன்னொருத்தர்னு ஸ்னோபால் முறைல போகலாமா?
– முதுகலை மாணவி, பொங்கோல்

போகலாம்மா, பட்டியலே இல்லாத இடத்துல அது நியாயமான வழி. ஆனா ஒருத்தர் கை காட்டி இன்னொருத்தர்னு போனா ஒரே ஊர்க்காரங்க, ஒரே பார்க்குல சந்திக்கறவங்கன்னு ஒரு வட்டத்துக்குள்ளயே சுத்துவீங்க. டக்ளஸ் ஹெக்கத்தார்ன்னு ஒரு ஆய்வாளர் 1997ல தொடங்கி இதுக்குப் படிப்படியா ஒரு திருத்தம் குடுத்தாரு, ஒவ்வொருத்தரும் சில பேரை மட்டும்தான் அழைக்கலாம், எத்தன பேரை உங்களுக்குத் தெரியும்னு கேட்டு வச்சுக்கணும், நெறைய பேரைத் தெரிஞ்சவங்களுக்கு எடை கம்மி. அதப் படிச்சுப் பாருங்க. தொடக்க ஆளுங்களையும் ஒரே இடத்துல எடுக்காம, தமிழ்நாடு, மியன்மார், இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ்னு தனித் தனியா தொடங்குங்க.

இதெல்லாம் பண்ணினாலும் உங்க தலைப்புல ஒரு ஓட்டை இருக்கு. ஓய்வுநாள்ல வெளிய வந்து தோழிகளச் சந்திக்கறவங்க வழியாத்தான் இந்தச் சங்கிலி நீளும். ஓய்வுநாளே கெடைக்காதவங்க, போன் கைல இல்லாதவங்க உங்க சங்கிலில வரவே மாட்டாங்க, நீங்க தேடறதோ அவங்களத்தான். அதனால சதவீதம் எதுவும் போடாதீங்க. கோயில்ல, கிளினிக்ல, மார்க்கெட்ல, பள்ளிக்கூட வாசல்ல பிள்ளைய அழைச்சுக்க நிக்கும்போதுன்னு ஓய்வுநாள் இல்லாதவங்களும் வர்ற இடங்களா பாத்துத் தொடங்குங்க, வார நாள்ல. முதலாளியம்மா பக்கத்துல இல்லாத ரெண்டு நிமிஷம்தான் கெடைக்கும், கேள்விய அதுக்கேத்த மாதிரி சுருக்கி வைங்க.